நெசவுக் கல்வியும் நம் மக்களும்

நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு நெசவுத் தொழில்நுட்பக் கல்வியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறோம் என்று கூறியபோது, செயற்குழு நண்பர் ஒருவர், "நமக்கும் நெசவுக்கும் என்ன தொடர்பு ஐயா? காஞ்சியில் பிறந்தோம் என்பதைத் தவிர வேறு என்ன இருக்கிறது?" என்று வினவினார். வினா நியாயமானதே. பட்டுக்குப் பெயர்போன ஊரில் பிறந்தும், தறியோசை கேட்டே வளர்ந்தும், தறிக்குழிக்குள் கால் வைத்தறியாத தலைமுறைகள் நம்மிடையே பல. ஆயினும் அவ்வினாவுக்கு வரலாறு தரும் விடை வேறாக இருக்கின்றது. அதனை முதலில் கூறிவிட்டுப் பின்னர்க் கல்விக்கு வருவோம்.

1891-ஆம் ஆண்டுச் சென்னை மாகாண மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவர் எச். ஏ. ஸ்டூவர்ட் என்னும் ஆங்கில அதிகாரி. அவர் பதினோராம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுச் செய்தியை எடுத்துக்காட்டி, அக்காலத்திலேயே பறையர் சமூகத்தில் இரு பிரிவுகள் இருந்தன என்று குறிக்கின்றார். ஒன்று உழவைத் தொழிலாகக் கொண்ட பிரிவு. மற்றொன்று நெசவைத் தொழிலாகக் கொண்ட பிரிவு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய நூலும் இச்செய்தியை எடுத்தாளுகின்றது. அதே நூலில் கோலியர் என்னும் நெசவாளர் பற்றிய குறிப்பும் உண்டு. தஞ்சை, மதுரை மாவட்டங்களில் வாழ்ந்த இவர்கள் முன்னர்ப் பறையராய் இருந்தவர்கள் என்றும், பின்னர் அச்சமூகத்தோடு உண்பதும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் இல்லாது விலகினர் என்றும் 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அறிக்கை கூறுகின்றது. நம் முன்னோர் பறை மட்டுமே அறிந்தவர், ஏர் மட்டுமே பிடித்தவர் என்று பாடநூல் படித்து வளர்ந்த நம் இளைஞர்கள் இவ்வரிகளை ஒருமுறைக்கு இருமுறை படித்தல் வேண்டும்.

காஞ்சிக்கே உரிய சான்றும் ஒன்று உண்டு. உத்தம சோழன் காலத்துச் செப்பேடுகள் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவை, கச்சிப்பேடு எனப்பட்ட இந்நகரின் ஊரகத் திருக்கோயில் தொடர்பானவை. அரச குடும்பத்திற்குத் துணி நெய்து கொடுத்த நெசவாளர் இங்கு நான்கு குடியிருப்புகளில் வாழ்ந்தனர் என்பதும், கோயிற் பணத்தைக் காக்கும் பொறுப்பும் கணக்கு எழுதும் பொறுப்பும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன என்பதும் அவற்றால் விளங்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காஞ்சியில் தறி பிடித்த கை கணக்கும் பிடித்தது! இடையே ஒன்று சொல்ல வேண்டும். அந்நெசவாளர் குடியிருப்புகளுள் ஒன்றன் பெயர் 'சேரி' என்றே முடிகின்றது. பலர் சேர்ந்து வாழும் இடம் என்பதே அன்று அச்சொல்லுக்குப் பொருள். பிற்காலத்தில் அச்சொல்லுக்கு நேர்ந்த கதியே அச்சொல்லால் அழைக்கப்பட்ட மக்களுக்கும் நேர்ந்தது.

நெசவு நம் கையை விட்டு ஒரே நாளில் போய்விடவில்லை. கோலியர் வரலாறே அதனைக் காட்டும். தறியை விடாது பற்றியவர்கள் உறவை விட்டு விலகித் தனிச் சாதியாயினர். தறியை இழந்தவர்கள் பிறர் நிலத்தில் கூலியாயினர். காஞ்சிபுரம் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்ட ஆட்சியராய் இருந்த டிரெமென்கீர் 1891-இல் நம் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் பேசுகின்ற நிலங்களுக்கு வித்திட்ட 1892-ஆம் ஆண்டு அரசாணைக்கு அதுவே அடிப்படை. அவ்வறிக்கையில் நம் மக்கள் காட்சி தருவது பண்ணையாட்களாகவே. குடியிருக்கும் மனையும் தமக்கு உரிமையில்லாத கூலிகளாகவே. கல்வெட்டு கூறும் உழவும் நெசவும் ஆகிய இரண்டனுள், நெசவு போய்விட்டது. உழவும் பிறர் நிலத்து உழவாகவே எஞ்சியது.

இனித் தறியைப் பற்றிச் சிறிது கூறுவோம். நம் ஊர்ப் பட்டுச் சேலையின் பெருமை கோர்வையில் இருக்கின்றது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடம் கையால் இழுத்தாலும் பிரியாது. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நடுவே உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. ஒவ்வோர் ஊடையிலும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று பற்றிக் கோத்துக்கொள்ள வேண்டும். முந்தானை வேறு நிறமாயின், பாவு நூல்களையே ஒவ்வொன்றாகப் புது நிற நூலோடு பின்னிச் சேர்க்க வேண்டும். ஒரு சேலைக்குப் பத்து நாள் முதல் மூன்று வாரம் வரை செல்லும். இந்நுட்பங்கள் எந்த ஏட்டிலும் எழுதி வைக்கப்பெற்றிலர் என்று நெசவாளப் பெரியவர்களே கூறுவர். தந்தை கையைப் பார்த்து மகன் கற்பான். பள்ளிக்கூடம் என்பது வீடே. அந்த வீட்டுக்குள் பிறவாதவனுக்குப் பள்ளியில் இடமில்லை.

மூன்று நாடா எறிவதற்கு ஓர் ஆளின் இரு கைகள் போதா. ஒரு பக்கத்துக் கரை நாடாவை எறியத் துணையாள் ஒருவர் உட்கார வேண்டும். அந்தத் துணையாள் பெரும்பாலும் சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தமைதான் நமது நகரின் துயரக் கதை. வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியபோது, அந்த இடத்திற்கு வெளியார் பிள்ளை வந்தான். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக வந்தான். கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. ஆயினும் 2003 சனவரியில் மனித உரிமைக் கண்காணிப்பகம் என்னும் பன்னாட்டு அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கடனுக்காகக் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் கருநாடகம், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றோடு நமது காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அக்குழந்தைகளுள் தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகள் மிகுதி என்பதையும் அவ்வறிக்கை எடுத்துரைத்தது. ஆக, நாம் தறிக்குத் திரும்பி வந்தோம். ஆனால் நெசவாளனாக அன்று, துணையாளாக. பின்னர் வளர்ந்து கூலிக்கு நெய்பவராகவும் சுற்றுவட்டச் சிற்றூர்களில் நம்மவர் பலர் ஆயினர். நூலும் சரிகையும் வடிவமும் விலையும் வேறொருவர் கையில். உழைப்பு மட்டும் நமது.

தறி நம்மை விலக்கியது வீட்டில் மட்டுமன்று. நீராவியால் இயங்கிய ஆலையிலும் விலக்கியது. இதனை அறியப் பம்பாய்க்குச் செல்ல வேண்டும்.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தனர். ஆயினும் நூற்புப் பகுதி முதலியவற்றில் மட்டுமே அவர்களுக்கு இடம். கூலி மிகுதியான நெசவுப் பகுதியில் நுழைவு இல்லை. காரணம் யாது? நாடாவில் ஒரு சிறு துளை உண்டு. நூற்குழல் தீர்ந்து புதுக்குழல் வைக்கும்போதெல்லாம் நூலின் நுனியை அத்துளை வழியே வெளியே கொணர்தல் வேண்டும். அதற்கு எளிய வழி, துளையில் வாய் வைத்து உறிஞ்சுவது. ஒருவர் வாய் வைத்த நாடாவில் அடுத்தவரும் வாய் வைக்க நேரும். தாழ்த்தப்பட்டவன் வாய் பட்ட நாடாவைத் தொட மாட்டோம் என்று ஏனைய தொழிலாளர் கூறினர். அவ்வளவே! கடுகளவு துளை ஒரு மக்கட் கூட்டத்தின் ஊதியத்தைப் பாதியாக்கும் வாயிற்கதவாயிற்று. 1928-ஆம் ஆண்டுப் பம்பாய் ஆலைத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இதனை வெளிப்படையாக எழுப்பினார். நெசவுப் பகுதியில் தாழ்த்தப்பட்டோருக்கு வேலை செய்யும் உரிமையைத் தொழிலாளர் கோரிக்கைகளுள் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார். முதலாளியிடம் உரிமை கேட்கும் தொழிலாளி, தன் தோழனுக்கு அதே உரிமையை மறுப்பது எங்ஙனம் என்பது அவர் எழுப்பிய கேள்வியின் உட்பொருள்.

இதே உறிஞ்சும் நாடா அமெரிக்காவிலும் இருந்தது. அங்கே மாசச்சூசெட்சு மாநிலம் 1911-இல் சட்டம் இயற்றி அதனைத் தடை செய்தது. வாய்வழி நோய் பரவும் என்னும் அச்சமே காரணம். அங்கே நோய்க்கு அஞ்சினர். இங்கே தீட்டுக்கு அஞ்சினர். நோய்க்கு அஞ்சியவர் நாடாவை மாற்றினர்; தீட்டுக்கு அஞ்சியவர் மனிதனை மாற்றினர். வாய் வைக்காமலே நூல் கோத்துக்கொள்ளும் நாடாவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பொறியாளர் கண்டுபிடித்துவிட்டனர் என்பதையும் கருதுக. இன்றைய ஆலைகளிலோ நாடாவே இல்லாத தறிகள் ஓடுகின்றன. காற்றின் விசையே ஊடை நூலைக் கொண்டு செல்கின்றது. காற்றுக்குத் தீட்டில்லை. ஆனால் பொறி மாறியதால் மட்டும் மனம் மாறிவிட்டது என்று நாம் கூறவரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளியில் பணியாற்றும் நாம் அவ்வளவு எளிதில் நம்பிவிடுபவரல்லோம்.

சென்னையிலும் பெரம்பூர்ப் பக்கிங்காம், கருநாடக ஆலைகளில் நம் மக்கள் பெருந்தொகையினராய் உழைத்தனர். 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் அவர்களுக்கும் ஏனையோருக்கும் இடையே மூண்ட பூசலும், புளியந்தோப்பில் எரிந்த குடிசைகளும், பறிபோன உயிர்களும் எம். சி. இராசா அவர்களின் வரலாற்றோடு பிணைந்தவை. அது தனியே எழுதத்தக்க பொருள். இங்கே நாம் குறிக்க விரும்புவது ஒன்றே. ஆலை நம்மவரை ஏற்றது. ஆனால் கைகளாக ஏற்றது. அந்த ஆலைகள் 1996-இல் மூடப்பட்டபோது கைகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

இந்நிலையில், நெசவு என்பது வீட்டையும் சாதியையும் விட்டுக் கல்லூரிக்கு வந்த கதையைக் காண்போம்.

இங்கிலாந்தில் லீட்சு நகரில் 1874-இல் தொடங்கிய யார்க்சயர் கல்லூரியில் நெசவுத் தொழிலுக்கென ஒரு துறை அமைந்தது. இலண்டன் துணி வணிகர் சங்கமொன்று பொருளுதவி செய்தது. செருமனியும் பிரான்சும் தொழிற்கல்வியால் தம்மை முந்திவிடும் என்னும் அச்சமே ஆங்கிலேயரைத் தறியைப் பாடமாக்கத் தூண்டிற்று. நம் நாட்டில் 1887-இல் பம்பாயில் நிறுவப்பட்ட விக்டோரியா சூபிலி தொழில்நுட்ப நிலையம் இத்துறையின் தாய் எனலாம். சென்னை மாகாணத்தில் கிண்டிப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராய் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலத்தில் அரசு நெசவுக்கூடம் ஒன்றை நடத்தி, விசைநாடாவைப் பரப்ப முயன்றார். சான் கே என்னும் ஆங்கிலேயர் 1733-இல் கண்ட அக்கருவி இங்கு வந்து சேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின! நெசவாளர் பலர் அக்கூடத்தை ஐயத்தோடே நோக்கினர். அரசு தொழில் நடத்தலாகாது என்று இலண்டனில் இருந்து தடை வர, அது 1910-இல் மூடப்பட்டது.

பின்னர் 1944-ஆம் ஆண்டு. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் தந்த கொடையால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்க் கிண்டியில் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. அங்கே இடம்பெற்ற துறைகள் மூன்று: வேதிப் பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம். நம் இளைஞர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். தோல் எது? உனக்கு விதித்தது என்று நம் தலையில் கட்டப்பட்ட தொழில். நெசவு எது? உனக்கு இல்லை என்று நம் கையிலிருந்து பறிக்கப்பட்ட தொழில். விதிக்கப்பட்டதும் மறுக்கப்பட்டதும் ஒரே கூரையின் கீழ், ஒரே பல்கலைக்கழகத்தின் பட்டப் பாடங்களாயின. தோலைப் படிக்க வேறு குலத்தார் வந்தனர். நெசவைப் படிக்க யாரும் வரலாம் என்றாயிற்று. நுழைவுக்கு வேண்டியது பிறப்பன்று, மதிப்பெண். மனு முதல் மாகாண அரசு வரை பலரும் சாதிக்காத ஒன்றை ஒரு பாடத்திட்டம் சாதித்தது.

அதே 1944-ஆம் ஆண்டிலேதான், தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு உயர்நிலைப் பள்ளிக்கு மேற்பட்ட படிப்புக்கு உதவித்தொகை வழங்கும் திட்டத்தை நடுவணரசு தொடங்கியது. இது தற்செயலாகக் கிடைத்த வரமன்று. 1942 அக்டோபரில், அரசப் பிரதிநிதியின் நிருவாகக் குழுவில் உறுப்பினராய் இருந்த அம்பேத்கர், தாழ்த்தப்பட்டோர் குறைகளைத் தொகுத்து அரசுக்கு ஒரு விண்ணப்பம் அளித்தார். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் நம் மக்களுக்குப் போதா. அறிவியலும் தொழில்நுட்பமுமே அவர்களை உயர்த்தும். அப்படிப்புகளோ செலவு மிகுந்தவை. அரசே பொருள் தர வேண்டும் என்பது அவர் வாதம். நாம் கலை படித்துக் கல்வியியல் பட்டம் பெற்றவர். அவர் கூறியது நம் போன்றோரைக் குறித்தே என்று சில வேளை எண்ணிக்கொள்வதுண்டு.

பிற நிலையங்களை விரைந்து கூறிவிடலாம். கோவையில் பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரி 1951-இல் தோன்றியது. நெசவுத் தொழில்நுட்பம் அங்கும் கற்பிக்கப்படுகின்றது. தென்னிந்தியத் துணி ஆராய்ச்சிக் கழகம் 1956-இல் அதே நகரில் அமைந்தது. கைத்தறிக்கென்றே சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிலையம் 1960 முதல் இயங்கிவருகின்றது. 1978-இல் கிண்டிக் கல்லூரிகளை ஒன்றிணைத்து அமைந்த பல்கலைக்கழகத்திற்கு, காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் 1909-இல் பிறந்த அறிஞர் அண்ணாவின் பெயர் சூட்டப்பட்டது. அழகப்பர் கல்லூரியின் நெசவுத் துறை இன்று அப்பல்கலைக்கழகத்தில் உள்ளது. நம் ஊர்க்காரர் பெயர் தாங்கிய இடத்திலே நம் ஊர்த் தொழில் பாடமாக இருக்கின்றது. நம் ஊர்ப் பிள்ளைகள்தாம் அங்கே அரிது.

ஏன் அரிது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் மேல்நிலைத் தேர்வு முடிவு வந்த வாரம், இராசாசி சந்தையில் மூட்டை சுமக்கும் ஒரு தந்தை தம் மகளோடு நம்மைக் காண வந்தார். மகளுக்குக் கணக்கிலும் வேதியியலிலும் நல்ல மதிப்பெண். நெசவுத் தொழில்நுட்பத்தையும் விருப்ப வரிசையில் எழுதலாமே என்றோம். அவர் முகம் மாறிற்று. "நெசவு நெய்யறதுக்கா சார் பொண்ணைக் காலேசுக்கு அனுப்பணும்? எங்க அக்கா புள்ளைங்க தறியில உக்காந்து பட்டது போதும். கம்ப்யூட்டர் ஏதாச்சும் சொல்லுங்க. தொழில விட்டு வெளிய வரணும்னுதானே படிக்க வைக்கறோம்?" என்றார்.

அவரைக் குறை கூற நம்மால் இயலவில்லை. 1953-இல் இராசாசி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் தமிழகத்தின் நினைவில் இருந்து இன்னும் அகலவில்லை. பிள்ளைகள் நாளில் ஒரு பகுதி மட்டும் பள்ளிக்கு வந்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டும் என்றது அத்திட்டம். குலக்கல்வி என்று பெரியாரும் பிறரும் அதனை எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அத்தந்தையின் அச்சம் அந்த மரபில் வந்தது, நல்ல அச்சம். ஆனால் குலக்கல்வி வேறு, இக்கல்வி வேறு. தந்தையின் தொழிலைத் தவிர மகனுக்கு வேறில்லை என்பது குலக்கல்வி. எவர் தொழிலையும் எவர் மகளும் அதன் வேரோடு அறியலாம் என்பது பல்கலைக்கழகக் கல்வி. துணையாளாய்த் தறியில் உட்கார்ந்த பிள்ளைக்கு, தான் எறியும் நாடாவில் இருக்கும் நூலின் பெயர் மட்டும் தெரியும். அதன் விலைகூடத் தெரியாது. பட்டதாரிக்கு அந்நூலின் உள்ளும் புறமும் தெரியும்.

அந்த உள்ளும் புறமும் யாவை என்று அன்று அவருக்குக் கூறியதையே இங்கும் எழுதுகிறோம். வேதியியல் நம் துறையன்று. நம் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு அறிந்தது. பட்டுப்புழு கக்கும் இழையில் இரு பொருள்கள் உள்ளன. உள்ளே பைப்ராயின் என்னும் புரதம்; அதுவே பட்டு. மேலே செரிசின் என்னும் பிசின். நூறு கிராம் கச்சாப் பட்டில் ஏறத்தாழ இருபத்தைந்து கிராம் பிசினே. சோப்பும் சோடாவும் கலந்த நீரில் கொதிக்க வைத்துப் பிசினை நீக்கினால்தான் பளபளப்பும் மென்மையும் வரும். காரம் குறைந்தால் பிசின் போகாது, சாயம் திட்டுத்திட்டாய்ப் பிடிக்கும். காரம் மிகுந்தால் பட்டே அரிக்கப்பட்டு வலுவிழக்கும். சாயப் பட்டறைப் பெரியவர் இதனை நாக்காலும் விரலாலும் அறிவார். மாணவன் அளவுத்தாளாலும் வெப்பமானியாலும் அறிவான். பெரியவர் மறைந்தால் அவர் விரல் அறிந்ததும் மறையும். ஏட்டில் எழுதிய அளவு மறையாது. அவ்வளவை யாரும் படித்துக்கொள்ளலாம் என்பதே அதன் சிறப்பு.

இழையின் பருமனை டெனியர் என்னும் அளவால் குறிப்பர். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அத்தனை டெனியர். எடைத்தட்டும் அளவுகோலும் இருந்தால் நூல் வணிகர் கூறுவது மெய்யா பொய்யா என்று ஒரு மாணவி சொல்லிவிடுவாள். சரிகையும் அவ்வாறே. பட்டிழையின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசுவது நல்ல சரிகை. வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு, பொன் எவ்வளவு என்று ஊடுகதிர்க் கருவி சில நிமிடங்களில் காட்டிவிடும். நம் நகரில் அரசு நிறுவனமாகத் தமிழ்நாடு சரிகை நிறுவனம் உள்ளது. நெசவாளர் பணி மையம் உள்ளது. கூட்டுறவுச் சங்கங்கள் பல உள்ளன. காஞ்சிப் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்த பின்னர், உண்மைப் பட்டு எது, விசைத்தறிப் போலி எது என்று சான்றுரைப்பவருக்குத் தேவை வளர்ந்துள்ளது. அச்சான்றில் கையொப்பம் இடும் பேனா யார் கையில் இருக்கும் என்பதுதான் நமக்கு முக்கியம்.

கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டாரல்லவா? அதன் பாட்டன் ஒருவன் தறியில்தான் பிறந்தான் என்றோம். அவர் சிரித்துவிட்டார். 1804-இல் பிரான்சு நாட்டு சக்கார்டு, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் பூவேலை நெய்யும் பொறியை அமைத்தார். துளை இருந்தால் நூல் எழும், இல்லையேல் எழாது. அவ்வட்டையைக் கண்டே இங்கிலாந்தில் பாபேசு தம் கணிப்பொறிக்கு அட்டையைக் கருதினார். 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைக் காலரித் என்பவர் துளையட்டைகளால் எண்ணினார். நம் ஊர்த் தறிகளின் மேல் இன்றும் தொங்கும் அட்டைச் சரத்தைப் பார்க்கும்போது இதனை நினைவிற் கொள்ளலாம். இப்பொழுது அவ்வடிவங்களைக் கணிப்பொறியிலேயே வரைகின்றனர். துணி என்பதும் சேலை வேட்டியோடு முடிவதன்று. காயத்துக்குக் கட்டும் துணி, சாலைக்கு அடியில் விரிக்கும் துணி, மகிழுந்தில் உயிர்காக்கும் காற்றுப்பை, தீயணைப்போர் உடை ஆகிய யாவும் இப்பாடத்துள் அடங்கும். தொழில்நுட்பத் துணிகளுக்கென 2020-இல் நடுவணரசு 1480 கோடி ரூபாயில் ஓர் இயக்கத்தை அறிவித்தது இதன் பொருட்டே.

இடம் பெறும் வழியையும் பெற்றோர் அறிய வேண்டும். பொறியியல் இடத்துக்கு ஒதுக்கீடு என்பது எளிதில் வந்ததன்று. வகுப்புவாரி அரசாணையை எதிர்த்து மருத்துவ இடத்துக்காகச் செண்பகம் துரைராசனும் பொறியியல் இடத்துக்காகச் சீனிவாசனும் தொடுத்த வழக்குகளில், 1951-இல் உச்ச நீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாதது என்றது. தமிழகம் கொதித்தெழுந்தது, அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. இன்று தமிழ்நாட்டில் பட்டியல் வகுப்பினருக்கு 18 விழுக்காடு; அதனுள் அருந்ததியர்க்கு 2009 முதல் 3 விழுக்காடு; பழங்குடியினர்க்குத் தனியே 1 விழுக்காடு. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணே அளவுகோல். 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியலிலும் 7.5 விழுக்காடு முன்னுரிமை வழங்கியது. கணிப்பொறிப் பாடத்துக்கு மொய்க்கும் கூட்டம் நெசவுப் பாடத்துக்கு இல்லை. ஆகவே பெயர்பெற்ற கல்லூரியிலேயே இடம் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. பலதொழிற் பயிலகத்தில் பட்டயம் பெற்றவர் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஒன்றையும் மறைக்காமல் கூறுவோம். தொடக்க ஊதியம் கணிப்பொறித் துறையை விடக் குறைவாக இருத்தல் கூடும். ஆலைகள் மிகுதியும் மேற்கு மாவட்டங்களில் இருப்பதால் வீட்டை விட்டுச் செல்லவும் நேரும். நமது சங்கத்தின் மாலை நேர வகுப்புகளில் இவை யாவும் எடுத்துரைக்கப்படுகின்றன.

அம்மகள் நெசவுத் தொழில்நுட்பமே படித்தாள். தந்தையின் மனம் மாறியதற்கு நம் சொற்பொழிவு காரணமா, கலந்தாய்வில் அன்று எஞ்சியிருந்த இடங்கள் காரணமா என்று நாம் ஆராயவில்லை. இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வந்தவள், இழை எண்ணும் சிறு கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். தன் அத்தை மக்கள் முன்னாளில் துணையாட்களாய் உட்கார்ந்த அதே தெருவில், திண்ணையில் விரித்திருந்த சேலையின்மேல் அதனை வைத்து, ஓர் அங்குலத்தில் பாவு இத்தனை, ஊடை இத்தனை என்று எண்ணிக் கூறினாளாம். தறியில் இருந்த முதியவர் ஊடைக் கணக்கில் இரண்டு இழை குறைகிறது என்று மறுத்தார். மீண்டும் எண்ணினர், முதியவர் கூறியதே சரி. அவளும் ஒப்புக்கொண்டாள். பிறகு அவர் அவளைத் தறிக்குழியில் இறங்கச் சொல்லி, கோர்வையில் கரை நூல் உடல் நூலைப் பற்றும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அவள் குறிப்பேட்டில் அதனைப் படமாக வரைந்துகொண்டாள். புறப்படும்போது அவர் கேட்டது ஒன்றே: பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் தம் பேரன் தறிப்பக்கமே வர மறுக்கிறான், அவள் படிக்கும் படிப்புக்கு விண்ணப்பம் எந்த மாதத்தில் கொடுப்பார்கள்? மே மாதம் என்று அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.